மோட்டார் வண்டிப் பாடம்: சரக்கு வண்டியின் முன்மட்டம்

நூல் மூட்டைகளையும் துணிப் பேல்களையும், காய்கறிக் கூடைகளையும் உர மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி, இன்று பல கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அங்கத்தினர் பலருக்கும் இன்றியமையாத உடைமையாகிவிட்டது. அவ்வண்டி சமதரையில் பாரமின்றி நிற்கும்போது பக்கவாட்டில் நின்று நோக்கினால், முன்புறம் சற்றுத் தாழ்ந்தும் பின்புறம் சற்று உயர்ந்தும் இருப்பதைக் காணலாம். இது வண்டியின் குறையா, அன்றி அமைப்பா? முன்புறத்தை உயர்த்தி மட்டமாக்கலாமா? ஆக்குவதாயின் அதன் முறை யாது? அதனால் வரும் பயனும் கேடும் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முன்புறத்தை உயர்த்தும் வேலையைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பரவலாக உள்ளது. அங்கே ‘பிக்கப்’ எனப்படும் திறந்த பின்தட்டுடைய சரக்கு வண்டியை விவசாயிகளும் தொழிலாளிகளும் சொந்தத்தில் வைத்திருக்கின்றனர். அவ்வண்டிகளுக்கென்றே ‘லெவலிங் கிட்’ என்னும் பெயரில் உதிரிச் சாமான் தொகுதிகள் விற்கப்படுகின்றன. ஆகவே அந்நாட்டு முறையை முதலில் ஆராய்ந்து, பின்னர் அதில் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பார்ப்போம்.

1. முன்புறம் தாழ்ந்திருப்பதன் காரணம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகிய ஒவ்வொருவரும் முன்பாரம், பின்பாரம் என்பனவற்றை அறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். எனவே பாரம் ஏற்றிய பின் வண்டி எப்படி நிற்கிறது என்பதையே வண்டிக்காரர் கவனிப்பாரன்றி, வெறும் வண்டி எப்படி நிற்கிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. மோட்டார் வண்டியை வகுத்தவர்களும் இதே நெறியையே பின்பற்றியுள்ளனர்.

மோட்டார் சரக்கு வண்டியில் எஞ்சின் முன்புறத்தில் உள்ளது. அதன் எடை என்றும் மாறுவதில்லை. ஏற்றப்படும் சரக்கின் எடையோ பெரும்பாலும் பின் அச்சின்மீது விழுகிறது. அது நாளுக்கு நாள் மாறும். ஆகவே பின்புற வில்கள் பாரத்தை எதிர்நோக்கி, வெறும் வண்டியில் உயர்ந்து நிற்குமாறு செய்யப்பட்டுள்ளன. பாரம் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து முன்புறத்தோடு ஏறத்தாழ மட்டமாகிறது. அமெரிக்க பிக்கப் வண்டிகளில் இவ்வுயர வேறுபாடு பெரும்பாலும் 1 முதல் 3 அங்குலம் வரை இருக்கும்.

வில்லின் இயல்பை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678 ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். பாரம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஏற்ப வில் தாழும்; பாரம் இரட்டித்தால் தாழ்வும் இரட்டிக்கும் என்பதே அவ்விதி. இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டியின் பின் வில் ஒவ்வொன்றும் 50 கிலோகிராம் பாரத்திற்கு 1 சென்டிமீட்டர் தாழ்வதாகக் கொள்வோம். பின் அச்சுக்கு நேர் மேலே 600 கிலோகிராம் சரக்கு ஏற்றினால், இரு வில்களும் ஆளுக்கு 300 கிலோகிராமைத் தாங்கி 6 சென்டிமீட்டர் தாழும். வெறும் வண்டியில் முன்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், பாரம் ஏறிய பின் அது பின்புறத்தைவிட 1 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். அதாவது வண்டி கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும். இனி, வெறும் வண்டி அழகாக நிற்க வேண்டுமென்று முன்புறத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதே 600 கிலோகிராமை ஏற்றினால் முன்புறம் 6 சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறும் வண்டிக்கு மட்டம் தேடியதால் பார வண்டியின் மட்டம் போயிற்று.

இக்கணக்கை அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். மட்டம் என்பது பாரத்தோடு பார்க்கப்பட வேண்டியது.

அவ்வாறாயின் அமெரிக்கர் ஏன் முன்புறத்தை உயர்த்துகின்றனர் என்று கேட்கலாம். பெரிய டயர்கள் மாட்டுவதற்கு முன் சக்கர வளைவுக்குள் இடம் வேண்டி உயர்த்துவோர் உண்டு. பனி வாரும் கலப்பையை வண்டியின் மூக்கில் பூட்டுவதால் முன்புறம் தாழ, அதனை ஈடுசெய்ய உயர்த்துவோர் உண்டு. தோற்றத்திற்காகவே செய்வோரும் பலர் உண்டு. அவர்களிற் பலர் பின்தட்டில் கனமான பாரம் ஏற்றுவது அரிதாதலின், பார மட்டம் கெடுவது அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

2. முன் வில்லின் வகைகள்

எந்தச் சாமான் பொருந்தும் என்பது வண்டியின் முன்புறத்தில் எவ்வகை வில் உள்ளது என்பதைப் பொறுத்தது. தொடக்க கால பிக்கப் வண்டிகளில் முன்னும் பின்னும் கமான் பட்டைகளே இருந்தன. 1960 ஆம் ஆண்டில் செவ்ரலே நிறுவனம் முன்புறத்தில் முறுக்குத் தண்டு வில்லை அமைத்து, 1963 இல் சுருள்வில்லுக்கு மாறியது. ஃபோர்டு நிறுவனம் 1965 இல் சுருள்வில்லோடு கூடிய இரட்டை உத்தர முன் அச்சைக் கொணர்ந்தது. அதே நிறுவனத்தின் எஃப்-150 வண்டியின் நான்கு சக்கர இயக்க வகையில் 1997 முதல் முறுக்குத் தண்டும், 2004 முதல் ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் அமைந்த ‘ஸ்டிரட்’ என்னும் கூட்டு உறுப்பும் வந்தன.

முறுக்குத் தண்டு உள்ள வண்டியில், தண்டின் முனையிலுள்ள சாவி போன்ற பிடியை மாற்றியோ, அதன் திருகை முறுக்கியோ உயரத்தைக் கூட்டுகின்றனர். ஸ்டிரட் உள்ள வண்டியில், அதன் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓர் இடைக்கட்டையை வைத்து உயர்த்துகின்றனர். இன்று மிகுதியாக நடைபெறுவது இரண்டாவது முறையே. ஆகவே அதனையே விரிவாகக் காண்போம்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. 1 அங்குலக் கனமுள்ள கட்டை வைத்தால் வண்டி 1 அங்குலம் உயர்வதில்லை. ஏறக்குறைய 2 அங்குலம் உயர்கிறது. காரணம் நெம்புகோல் தத்துவமே. ஏற்ற மரத்தில் அச்சாணிக்கு அருகேயுள்ள பகுதி ஒரு சாண் அசைந்தால், நுனி பல சாண் அசைகிறதல்லவா? அதுபோல, ஸ்டிரட்டின் அடி, கீழ்க்கையின் நடுப்பகுதியில் பொருந்தியுள்ளது. சக்கரமோ கையின் நுனியில் உள்ளது. நடுவில் கொடுத்த அசைவு நுனியில் இரட்டிக்கிறது. இதை அறியாமல் ‘இரண்டங்குலம் வேண்டும்’ என்று இரண்டங்குலக் கட்டையை வைப்பவர் நான்கங்குல உயரத்தை வரவழைத்துக்கொண்டு இடர்ப்படுவர்.

3. வேலைமுறை

முதலாவது, அளவெடுத்தல். சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் குறித்த அளவு காற்று அடைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அச்சு நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளப்பதைவிட இது சிறந்தது. டயரின் தேய்மானமும் காற்றும் இவ்வளவைப் பாதிப்பதில்லை. இடம் வலம் இரண்டும் வேறுபட்டிருந்தால், எங்கோ ஒரு வில் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டு திருத்தாமல் மேற்கொண்டு செல்லலாகாது.

இரண்டாவது, வண்டியைத் தாங்குதல். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கை பிரேக்கை இழுத்துவிட வேண்டும். சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் ஜாக்கியால் உயர்த்தி, சேஸிஸின் இருபுறத்திலும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை இறக்கி அமர்த்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவதும், செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் உயிருக்கு உலை வைப்பதாகும்.

மூன்றாவது, உறுப்புகளைப் பிரித்தல். சக்கரத்தைக் கழற்றிய பின், பிரேக் ஹோஸும் பிரேக்குக்குரிய மின்கம்பியும் பொருந்தியுள்ள பிடிப்புகளை முதலில் விடுவிக்க வேண்டும். இல்லையேல் சக்கரப் பகுதி கீழே தொங்கும்போது அவை இழுபட்டு அறும். பிறகு வண்டி சாயாமல் காக்கும் குறுக்குக் கம்பியின் இணைப்பையும், ஸ்டியரிங்கின் டை ராடு முனையையும், மேற்கையின் பால் ஜாயிண்டையும் கழற்றுவர். கூம்பாக இறுகியுள்ள இம்முனைகளை மரையின்மேல் அடித்துக் கழற்றலாகாது, மரை சிதைந்துவிடும். நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவைத்து, கூம்பு அமர்ந்துள்ள இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் பிடி தானே விடும். கழற்றும்போது கீழ்க்கைக்கு அடியில் ஒரு ஜாக்கியை முட்டுக் கொடுத்து வைத்து மெல்ல இறக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியாயின், சக்கரத்தைச் சுழற்றும் பக்க அச்சு மூட்டை விட்டு இழுபடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

நான்காவது, ஸ்டிரட்டை எடுத்துக் கட்டையைப் பொருத்துதல். எஃப்-150 போன்ற வண்டிகளில் ஸ்டிரட்டின் தலையில் வட்டமாக மூன்று நட்டுகளும், அடியில் இரண்டும் இருக்கும். இவற்றைக் கழற்றினால் ஸ்டிரட் முழுதாக வெளிவரும். தலையின் நடுவில் தனித்து நிற்கும் நட்டை மட்டும் ஒருபோதும் தொடலாகாது. அழுத்தி அடக்கி வைக்கப்பட்ட சுருள்வில்லை அந்த ஒரு நட்டே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தளர்த்தினால் வில் பீரங்கிக் குண்டு போற் பாய்ந்து ஆளைக் கொல்லவும் கூடும். சுருள்வில்லின் உள்ளேயே வைக்கும் வேறு வகைக் கட்டைகளும் விற்கின்றன. அவற்றைப் பொருத்த வில்லை நெருக்கும் கருவியும் பயிற்சியும் வேண்டும். அது வீட்டில் செய்யத்தக்க வேலையன்று. தலைக்கு மேல் வைக்கும் கட்டையே வீட்டு வேலைக்கு ஏற்றது. முறுக்குத் தண்டுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். முறுக்கேறிய தண்டை அதற்குரிய கருவியின்றி விடுவிக்கலாகாது.

ஐந்தாவது, மீண்டும் பூட்டுதல். பிரித்த வரிசைக்கு நேர்மாறாகப் பூட்ட வேண்டும். ஒருமுறை கழற்றிய பூட்டு ஆணிகளையும் நைலான் பிடிப்புள்ள நட்டுகளையும் மீண்டும் பயன்படுத்தாமல் புதியன இடுவதே நன்று. ஒவ்வொரு நட்டுக்கும் வண்டிக் கையேட்டில் குறித்த இறுக்க அளவு உண்டு; அதற்கு டார்க் ரெஞ்சு என்னும் அளவு காட்டும் ஸ்பானரைப் பயன்படுத்த வேண்டும். இங்கு பலரும் அறியாத நுட்பம் ஒன்று உள்ளது. ரப்பர் புஷ்ஷின் ஊடே செல்லும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதும் இறுக்கிவிடலாகாது. அவ்வாறு இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். ஓடும்போது மேலும் முறுக்குண்டு விரைவிற் கிழியும். ஆகவே சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதே அவற்றின் கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

4. வேலை முடிந்தபின் செய்ய வேண்டுவன

கட்டையைப் பொருத்தியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவது தவறு. முன்புறம் உயர்ந்ததும், கைகளின் கோணமும் டை ராட்டின் கோணமும் மாறி, சக்கரங்களின் நேர்மை குலைகிறது. தறிச் சட்டம் ஒருபுறம் சாய்ந்தால் பாவின் இழுப்பு ஒத்திராது, துணியும் கோணிப்போகும் என்பதை நெசவாளர்கள் அறிவர். சக்கரமும் அவ்வாறே. நேர்மை குலைந்த சக்கரம் சாலையில் உருளாமல் உராய்ந்துகொண்டே செல்லும். புது டயரும் குறுகிய காலத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். எனவே அலைன்மெண்ட் நிலையத்திற்குச் சென்று சரிபார்ப்பது கட்டாயம்.

அடுத்தது ஹெட்லைட். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 350 சென்டிமீட்டர் தூரமுள்ள வண்டியில் முன்புறத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், வண்டி சாய்ந்த சாய்வினால் மட்டும் 25 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் மேலேறுகிறது. அதன்மேல் 600 கிலோகிராம் பாரமும் ஏறிப் பின்புறம் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தால், இன்னும் 43 சென்டிமீட்டர் ஏறும். ஆக 79 சென்டிமீட்டர்! சாலையைக் காட்ட வேண்டிய ஒளி, எதிரே வரும் மிதிவண்டிக்காரரின் கண்ணிற் பாய்ந்து அவரைக் குருடாக்குகிறது. ஆகவே விளக்கின் திருகைத் திருப்பி ஒளியைத் தாழ்த்தியாக வேண்டும்.

மூன்றாவது, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடிய பின் சக்கர நட்டுகளையும், மற்ற நட்டுகளையும் மறுபடி அளவு பார்த்து இறுக்க வேண்டும்.

இவையெல்லாம் செய்த பின்னும் சில இழப்புகள் நீங்கா. கட்டை வைத்ததனால் வில் வலிமை பெறவில்லை. பாரம் தாங்கும் திறன் ஒரு கிலோகிராம்கூடக் கூடவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த தொலைவு குறைந்துவிடுகிறது. பால் ஜாயிண்டும் பக்க அச்சின் மூட்டும் எப்போதும் கூடுதல் கோணத்தில் உழைப்பதால் விரைவில் தேய்கின்றன. எடையின் மையம் உயர்வதால் வளைவில் வண்டி சற்று அதிகமாகச் சாயும்.

5. நமக்குரிய பாடம்

நம் நாட்டில் ஓடும் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் முன்புறத்திலும் கமான் பட்டைகளே உள்ளன. ஸ்டிரட்டுக்குரிய இடைக்கட்டை அவற்றுக்குப் பொருந்தாது. மேலும் நம் வண்டிகள் நாள்தோறும் பாரம் சுமப்பவை. வெறுமையாக நின்று அழகு காட்டுபவை அல்ல. ஆகவே தோற்றத்திற்காக முன்புறத்தை உயர்த்தும் வழக்கம் நமக்கு வேண்டாததொன்று.

ஆனால் புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட முன்புறம் தாழ்ந்திருந்தால், அது அமைப்பன்று, நோய். நோய்க்குக் காரணம் அறிந்து மருந்து செய்ய வேண்டும். காற்றுக் குறைவு உண்டா, பட்டைகளில் ஏதேனும் முறிந்துள்ளதா, பட்டைகளைக் கோத்துள்ள நடு போல்ட் அறுந்துள்ளதா, அவற்றை அச்சோடு கட்டியுள்ள யு போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, கண்ணிப் புஷ்கள் தேய்ந்துள்ளனவா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இடம் வலம் அளவுகள் வேறுபட்டால் தாழ்ந்த பக்கத்தில் நோய் இருப்பது உறுதி. இரு பக்கமும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் பட்டைகள் வளைவு இழந்திருக்கும். அவற்றைக் கமான் பட்டறையிற் கொடுத்து வளைவு ஏற்றுவதோ புதியன மாற்றுவதோ முறை. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். தாழ்வை மறைக்க மேற்பட்டை ஒன்றைச் சொருகினால் வில் விறைத்து, அதிர்ச்சி முழுவதும் சேஸிஸுக்கும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் சென்று சேரும்.

சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. 2019 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்த பின்னரே எந்த மாற்றத்தையும் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திற்குத் தெரிவியாமல் செய்த மாற்றம், விபத்துக் காலத்தில் இழப்பீட்டுக்கே வழக்காக முடியலாம்.

சங்கத்தின் வண்டி தனியொருவர் உடைமையன்று. அங்கத்தினர் அனைவரின் பங்குப் பணத்தால் ஆனது. அதில் அமர்ந்து செல்லும் ஓட்டுநரும் சுமைதூக்குவோரும் நம் குடும்பத்தினர். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் வண்டிக்கு ஒரு குறிப்பேடு வைத்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் வெறும் வண்டியில் ஒருமுறை, பார வண்டியில் ஒருமுறை அளந்து எழுதி, ஆண்டுக்கு இருமுறை ஒப்புநோக்குவது நலம். அளவு நாடா ஒன்றும் அரைமணி நேரமும் போதும். அந்தக் குறிப்பேடு, வில்லின் தளர்ச்சியை அது முறிவதற்கு முன்பே நமக்கு அறிவித்துவிடும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. வெறும் வண்டியில் முன்புறம் தாழ்ந்திருப்பது எப்போது அமைப்பு, எப்போது நோய்? இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவீர்கள்?

2. பின் வில் ஒவ்வொன்றும் 60 கிலோகிராமுக்கு 1 சென்டிமீட்டர் தாழும். பின் அச்சுக்கு நேர் மேலே 480 கிலோகிராம் ஏற்றினால் பின்புறம் எவ்வளவு தாழும்? (விடை: 4 சென்டிமீட்டர்.)

3. ஸ்டிரட்டின் தலையிலுள்ள நடு நட்டைத் தொடலாகாது என்பது ஏன்?

4. நம் சங்க வண்டியின் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து, அடுத்த கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் முன் வைக்கும் பொறுப்பை யார் ஏற்பது?